முதல் வளைவுக்கு முன்பே

மலைப் பாதையில் பஸ் பயணம் சிரமமில்லாமல் இருக்கச் சில யோசனைகளை ஒரு பக்கத்துக்கு எழுதித் தரும்படி டிப்போவிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். ஏற்காடு ஏறுகிற வண்டிகளில் அதை அச்சடித்து ஒட்டப் போகிறார்களாம். டிப்போவின் ஆண்டு மலரிலும் போடுவார்களாம். ஆளாக வந்தவர் பாலு. என் வண்டியில்தான் அவர் கண்டக்டர் வேலை பழகினார். இன்று அவருக்கே காதோரம் நரைத்துவிட்டது.

"அண்ணா, இருவது வருசம் இந்த மலையில ஏறி எறங்குனவரு நீங்க. ஒரே ஒரு பக்கம். நீங்க சொன்னாத்தான் சனங்க கேப்பாங்க" என்றார்.

"எம் பேச்சைக் கேட்டு என்னய்யா ஆச்சு?" என்று கேட்டேன். அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஒரு பக்கம் எழுதத்தான் உட்கார்ந்தேன். அது இப்படி நீண்டுவிட்டது. பாலு தனக்கு வேண்டியதை எடுத்து ஒட்டிக்கொள்ளட்டும். மிச்சம் மலரில் வந்தே ஆக வேண்டும். அந்த மிச்சத்துக்காகத்தான் நான் பேனாவை எடுத்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். சேலத்துக்காரன். மலையைத் தூரத்தில் நீலமாகப் பார்த்ததோடு சரி. பயிற்சி எல்லாம் பத்து நாள் கூத்து. பதினோராம் நாள் சேலம் - ஏற்காடு - நாகலூர் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது வளைவிலேயே, புதுக் காக்கிச் சட்டையும் தோள் பையுமாக, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ஒரு ரைட்டரின் குடைமேல் வாந்தி எடுத்தேன். வண்டியே சிரித்தது. ரைட்டர் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வண்டியின் டிரைவர் ஆறுமுகம் அண்ணன். நான் அவரோடு பதினைந்து வருஷம் ஓடினேன். ஆள் ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி. அன்றைக்கு ஏற்காட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, தன் சட்டைப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். "தின்னாத. நகத்துல கீறி மோந்து பாரு. கிட்டத்துல எதையும் பாக்காத. நான் எந்தப் பக்கம் சாயறனோ நீயும் அந்தப் பக்கம் சாஞ்சுக்கோ" என்றார். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நான் ஊருக்கெல்லாம் வைத்தியன் ஆகிவிட்டேன்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மலை தொடங்கும் முன் அடிவாரத்தில் வண்டி ஐந்து நிமிஷம் நிற்கும். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார். நான்கு சக்கரங்களையும் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பார். பிறகு சீட்டில் ஏறி உட்கார்ந்து, பயணிகளைக் காட்டும் உள்கண்ணாடியில் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, அதைக் கூரையைப் பார்க்கிற மாதிரி மேலே திருப்பிவிடுவார். அதற்கப்புறம் இருபது வளைவும் முடிகிற வரைக்கும் பின்னால் என்ன நடந்தாலும் திரும்பமாட்டார். "மல ஏறுனா வண்டி என்னுது, சனம் உன்னுது. விசில் அடிச்சா நிப்பேன். அடிக்கலையா, போய்க்கிட்டே இருப்பேன்" என்று முதல் நாளே சொன்னார். எங்கள் மலை வண்டிகளில் எல்லா டிரைவர்களுக்கும் அதுதான் வழக்கம். ஒரு விசில் என்றால் நிற்க, இரண்டு என்றால் போக. நடுவில் பேச்சுக் கிடையாது.

சனம் என்னுடையது என்று ஆனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்துப் பார்த்துச் செய்தேன். பாலு கேட்ட யோசனைகள் எல்லாம் அப்படிச் சேர்ந்தவைதான்.

வாந்தி வருகிறவர்கள் கடைசி சீட்டில் உட்காரக் கூடாது. அங்கேதான் தூக்கிப் போடும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உட்கார்ந்தால் பாதிக் கஷ்டம் குறையும். வெறும் வயிற்றோடு ஏறுவதும் தப்பு, பஸ் ஸ்டாண்டில் போண்டாவை அமுக்கிவிட்டு ஏறுவது அதைவிடத் தப்பு. இரண்டு இட்லி போதும். சேலத்து ஓரத்தில் இருக்கும் கோரிமேடு தாண்டினால் பேப்பரை மடித்து வைத்துவிட வேண்டும். எழுத்தைப் பார்த்தால் வயிறு புரளும். தூரத்து மலையைப் பாருங்கள், பக்கத்துப் பாறையைப் பார்க்காதீர்கள். குழந்தையைப் பின்பக்கம் பார்க்க மடியில் வைக்காதீர்கள். ஏறும்போது காது அடைத்தால் எச்சிலை விழுங்கினால் போதும். கைக்குழந்தை வீறிட்டு அழுதால் பால் கொடுங்கள், காது திறந்துகொள்ளும்.

சாமான்களைப் பற்றி ஒன்று. கனமானதை மேலே வைக்காதீர்கள், காலுக்கடியில் வையுங்கள். ஒரு சித்திரை மாதம் கரடியூர்க்காரர் ஒருவர் பலாப்பழத்தை மேல் தட்டில் வைத்துவிட்டு, "அது எங்கீங்க உழுவுது" என்று என்னிடம் வாதாடினார். எட்டாவது வளைவில் அது இறங்கி, புதுசாகக் கல்யாணமாகி ஏற்காடு பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையின் மடியில் உட்கார்ந்தது. மாப்பிள்ளை அலறின அலறலில் பொண்ணு முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டு சிரித்தாள். கரடியூர்க்காரர் பழத்துக்கு அடிபட்டதா என்றுதான் முதலில் பார்த்தார்.

பதினாலாவது வளைவில் குளிர் தட்டும். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு அங்கே தேடாதீர்கள். இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பிப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏரியில் படகு விட்டுவிட்டு ஓடிவந்து கேட்டால் கண்டக்டர் என்ன செய்வான்?

இவ்வளவும் சரியான யோசனைகள்தான். இன்றைக்கும் இதில் ஒரு எழுத்தை மாற்றமாட்டேன்.

என் தோள் பையில் எப்போதும் ஐந்தாறு எலுமிச்சம்பழம் இருக்கும். பழைய செய்தித்தாள் கட்டு ஒன்று, தரையில் போட ஒரு தகர டப்பாவில் மணல். 'எலுமிச்சங்கா கண்டக்டர்' என்றால் கோரிமேட்டிலிருந்து நாகலூர் வரை தெரியாதவர்கள் கிடையாது. பேர் வந்ததும் கூடவே திமிரும் வந்தது. அடிவாரத்தில் வண்டி நிற்கும்போது பின்னாலிருந்து முன்னால் ஒரு நடை நடந்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். வாந்தி எடுக்கப் போகிறவர் முதலில் பேச்சை நிறுத்துவார். அப்புறம் கொட்டாவி விடுவார். அப்புறம் எச்சிலை விழுங்குவார். இதை வைத்து யார் எந்த வளைவில் எடுப்பார்கள் என்று சொல்லிவிடுவேன். "மூணாவது வளைவுக் கேஸு", "பதினொண்ணாவது வளைவுக் கேஸு" என்று ஆறுமுகம் அண்ணனின் காதில் போடுவேன். டிப்போவில் இதை வைத்து டீ பந்தயம் கட்டினார்கள். பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இனி ராசம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாகலூரில் இறங்கி உள்ளே அரைமணி நேரம் நடந்தால் வருகிற ஒரு சின்ன ஊர் அவருக்கு. புருஷன் சடையன், காப்பியும் கமலா ஆரஞ்சும் சாமையும் போடுகிற மலை விவசாயி. செல்வி என்று ஒரே மகள், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ராசம்மா வாரத்துக்கு இரண்டு நாள் முதல் பஸ்ஸில் பழக்கூடைகளோடு சேலத்துக்கு இறங்குவார். விற்றுவிட்டு, காலிக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டு மதிய வண்டியில் ஏறுவார். பதினோரு வருஷம் என் வண்டியில் வந்தவர். சீட் இருந்தாலும் உட்காரமாட்டார், பின்வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வளைவுக்கு வளைவு வெற்றிலையை மென்றுகொண்டே என்னைக் கிண்டல் செய்வார். "ஏனுங்க எலுமிச்சங்கா, இன்னைக்கு எத்தன பேருங்க உழுந்தாங்க?" என்பார்.

எண்பதுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாதம். லேசான தூறல். மதிய வண்டி. சேலம் பஸ் ஸ்டாண்டில் ராசம்மா ஏறினார். "உக்கார எடம் இருக்குங்களா?" என்று கேட்டார். பதினோரு வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உறைக்கவில்லை. பின்பக்கம் ஒரு இடத்தைக் காட்டிவிட்டு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டேன்.

அடிவாரத்தில் வண்டி நின்றது. வழக்கம்போல் முகம் பார்க்க நடந்தேன். ராசம்மா பேசவில்லை. முகம் வெளுத்திருந்தது. கார்த்திகைக் குளிரில் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. இடது தோளை நீவிக்கொண்டே இருந்தார்.

"என்னாச்சும்மா?"

"ஒரு மாரியா இருக்குதுங்க. முதுகெல்லாம் புடிக்குது. வகுறு பெரட்டுதுங்க."

வயிறு புரட்டுகிறது என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. தோள் வலியை, கூடை சுமந்த வலி என்று தள்ளிவிட்டேன். முன்னால் போனேன். ஆறுமுகம் அண்ணன் சீட்டில் ஏறியிருந்தார். உள்கண்ணாடியைத் திருப்பக் கை வைத்தவர் நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா மூஞ்சி சரியில்லையே. என்னப்பா, திருப்பட்டுமா? பெரியாஸ்பத்திரிக்கு இருவது நிமிசத்துல போயிரலாம்."

பதினைந்து வருஷத்தில் அவர் என்னைக் கேட்ட ஒரே கேள்வி அது.

"வேண்டாங்ணா. வாந்திக் கேஸுதான். மூணாவது வளைவு. நான் பாத்துக்கறேன்."

"மலக்காரங்களுக்கு ஏதுப்பா வாந்தி?"

"வயசாவுதில்லீங்ணா. யாருக்கு வேணாலும் வரும்."

ராசம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதுகூட இருக்காது. வழக்கம் வழக்கம்தானே. சனம் என்னுடையது. அண்ணன் கண்ணாடியை மேலே திருப்பினார். நான் இரண்டு விசில் அடித்தேன்.

என்னைத் திட்டுகிறவர்கள் நன்றாகத் திட்டலாம். பிறந்ததிலிருந்து அந்த மலையில் ஏறி இறங்குகிற ஒரு மனுஷிக்கு அன்றைக்கு மட்டும் எப்படித் தலை சுற்றும்? அதுவும் முதல் வளைவு வருவதற்கு முன்பே, சமதரையில், நின்ற வண்டியில்? ஒரு சின்னப் பிள்ளை கேட்டிருக்கும் இந்தக் கேள்வியை. நான் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

வைத்தியத்தைக் குறை வைக்காமல் செய்தேன். நடுச் சீட்டில் இருந்த ஒரு பெரியவரை எழுப்பி ராசம்மாவை அங்கே உட்கார வைத்தேன். தூறல் அடித்தாலும் பரவாயில்லை என்று ஜன்னல் ஷட்டரைத் தூக்கினேன். எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி அவர் கையில் வைத்து மூடினேன். "தூரமாப் பாருங்கம்மா. மூச்சை நல்லா இழுத்து உடுங்க" என்றேன். வழியில் அவர் இரண்டு தடவை என்னிடம் ஒன்று சொன்னார். அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது எழுதக் கை வரவில்லை.

மூன்றாவது வளைவில் கொஞ்சம் வாந்தி எடுத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான். சொன்னபடி நடந்துவிட்டதே. மணலைப் போட்டுவிட்டு, "அவ்வளவுதாம்மா, இனி ஒண்ணும் இருக்காது" என்றேன். பத்தாவது வளைவு தாண்டியதும் தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடினார். "பாத்தீங்களா, பழத்தை மோந்ததும் தூங்கிட்டாங்க" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த வண்டியில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது என்றுகூட அதட்டினேன்.

ஏற்காட்டில் வண்டி நின்றது. நாகலூர் போகிறவர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். "அம்மா, டீ ஏதாச்சும் வாங்கியாரட்டுமா?" என்று தோளைத் தொட்டேன். கை விரிந்து எலுமிச்சம்பழம் கீழே விழுந்து, சீட்டுக்கடியில் உருண்டு போனது.

தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மாரடைப்பு என்றார். உயிர் போய் அரைமணி ஆகியிருக்கும் என்றார்.

"வேர்வை எப்போ ஆரம்பிச்சது?" என்று கேட்டார்.

"மேல வந்தப்புறம்தான் சார்" என்றேன்.

ஆறுமுகம் அண்ணன் என் பக்கத்தில்தான் நின்றார். வெளியே வந்ததும் வேப்பமரமோ என்னவோ, ஒரு மரத்தடியில் குந்தினார். "நான் உன்னயக் கேட்டதே தப்பு. கேக்காமத் திருப்பியிருக்கோணும்" என்றார். அதற்கப்புறம் அவர் ஓய்வு பெறும்வரை அடிவாரத்தில் உள்கண்ணாடியை மேலே திருப்பவே இல்லை.

காரியம் முடிந்த மறுவாரம் நாகலூர் ஸ்டாப்பில் சடையன் நின்றிருந்தார். நெடுநெடுவென்ற உடம்பு, மொட்டை அடித்த தலை, கையில் ஒரு பை. பக்கத்தில் செல்வி. அடிக்கத்தான் வந்திருக்கிறார், அடிக்கட்டும் என்று இறங்கினேன். அவர் பையை என்னிடம் நீட்டினார். கமலா ஆரஞ்சு.

"நீங்க எம் பொண்டாட்டியத் தாயாட்டம் பாத்துக்கிட்டீங்களாமா. எடம் புடிச்சுக் குடுத்து, பழம் குடுத்து, சத்தம் போட உடாம... வண்டில வந்த சனமெல்லாம் சொன்னாங்க. ஏனுங்க, பெத்தவங்ககூட இப்படிப் பாக்கமாட்டாங்க" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். 'சடையண்ணா, அடிவாரத்துலயே தெரிஞ்சுதுங்க, டிரைவர் கேட்டாருங்க, நான்தான் வேண்டாம்னேன்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? வண்டி கிளம்ப நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு பையை வாங்கிக்கொண்டேன். பயம் ஒரு பக்கம். இன்னொன்றும் உண்டு, எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்த நன்றி எனக்கு வேண்டியிருந்தது. அவர் சொன்னதைக் கேட்க ஆறுதலாக இருந்தது.

அடுத்த வருஷம் பழக் காலத்தில் மறுபடி வந்தார். அதற்கடுத்த வருஷமும் வந்தார். நான் ஓய்வு பெறும்வரை எட்டு வருஷம், தவறாமல் ஒரு பை ஆரஞ்சு. கொடுத்துவிட்டு உடனே போகமாட்டார். வண்டி கிளம்பும்வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "வேற ஒண்ணுமில்லீங்களே?" என்று கேட்பார். "ஒண்ணுமில்லீங்க" என்பேன். அந்தப் பழத்தில் ஒரு சுளைகூட நான் வாயில் வைத்ததில்லை. வண்டியில் வருகிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன்.

அதற்குப் பிறகு நான் மாறினேனா என்றால், மாறினேன். டீ பந்தயம் நின்றது. வியர்த்த முகத்தைக் கண்டால் எனக்கு வியர்த்தது. ஒருதரம் செம்மநத்தம் போகிற ஒருவர் அடிவாரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியைத் திருப்பச் சொல்லிப் பெரியாஸ்பத்திரி வாசலில் கொண்டு நிறுத்தினேன். வண்டி நிறைய ஆட்கள், கத்தினார்கள். கடைசியில் அது வாயு. பஸ் ஸ்டாண்டில் ஏழு போண்டா தின்றிருக்கிறார் மனுஷன். எனக்கு மெமோ வந்தது.

கிளை மேலாளர், "ஏய்யா, நீ கண்டக்டரா டாக்டரா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சுங்க சார்" என்றேன்.

அவருக்கு அது எகத்தாளமாகப் பட்டது. இன்னொரு மெமோ கொடுத்தார். இரண்டையும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் பாலு வந்து போன பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. யோசனைகள் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியிலும் ராசம்மா வந்து நிற்கிறார். ஆறுமுகம் அண்ணனும் காலமாகிவிட்டார். நானும் போய்விட்டால் யாருக்குத் தெரியும்? ஒரு காலை நேரம் பஸ் ஏறினேன். பயணியாக, நடுச் சீட்டில். நாகலூரில் இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்து சடையன் வீட்டுக்குப் போனேன்.

அவர் காப்பிப் பழத்தைக் களத்தில் காயப் போட்டுக்கொண்டிருந்தார். மூப்புத் தட்டியிருந்தது. என்னைக் கண்டதும் துண்டை உதறித் தோளில் போட்டார். "வாங்க, வாங்க. ஊடு தேடி வந்துட்டீங்களே" என்று கட்டிலைப் போட்டார். செல்வி இப்போது பால்வாடி டீச்சராம், வேலைக்குப் போயிருந்தாள்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். நின்றபடியே எல்லாம் சொன்னேன். அடிவாரத்து வியர்வை, டிரைவர் கேட்டது, நான் வேண்டாம் என்றது, இரண்டு விசில், டாக்டரிடம் சொன்ன பொய். சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபதைத் தாண்டிய ஆள், வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

சடையன் கையில் இருந்த காப்பிப் பழத்தை ஒவ்வொன்றாகக் களத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியுமுங்க" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"காரியத்தன்னைக்கே டிரைவரண்ணன் வந்துட்டாருங்க. எங் கையப் புடிச்சுக்கிட்டு எல்லாஞ் சொன்னாரு. 'கண்டக்டரு மேல தப்பில்ல, நாந்தான் திருப்பியிருக்கோணும்'னு அழுதாரு. நொம்ப நேரம் அழுதாருங்க."

"அப்புறம் எதுக்குங்க எனக்குப் பழம் கொண்டாந்தீங்க? எட்டு வருசம்?"

"மொத வருசம் கோவத்துலதான் வந்தேன். என்ன சொல்றீங்கன்னு பாக்கோணும்னு. நீங்க பையை வாங்கிட்டுப் போயிட்டீங்க. அப்புறம் கோவமெல்லாம் போயிருச்சுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்னு வந்தேன். நீங்களா வாயத் தொறந்தா கேக்கலாம்னு நின்னேன். நீங்க தொறக்கவே இல்ல."

"கேளுங்க, சடையண்ணா."

"டிரைவரண்ணன் முன்னால பாத்துத்தான் ஓட்டுனாரு. உள்ள நடந்தது அவருக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்." அவர் என் முகத்தைப் பார்த்தார். நாகலூர் ஸ்டாப்பில் பார்ப்பாரே, அதே பார்வை. "அவ ஏதாச்சும் சொன்னாளுங்களா?"

பதின்மூன்று வருஷம் அதற்காகக் காத்திருந்த மனுஷன். அதைச் சொல்லத்தான் நான் மலை ஏறி வந்ததாக நினைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

"இல்லீங்க. ஒண்ணுஞ் சொல்லலீங்க. தூங்கற மாதிரியே போயிட்டாங்க."

சடையன் தலையை ஆட்டினார். "கஷ்டப்படாமப் போனாளே, அது போதும்" என்றார். உள்ளே போய்த் தானே காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்து வந்து ஏற்றிவிட்டார். இந்தத் தடவை "வேற ஒண்ணுமில்லீங்களே" என்று கேட்கவில்லை.

பாலு, வண்டியில் ஒட்டுகிற தாளில் நான் மேலே எழுதியதெல்லாம் இருக்கட்டும். கண்டக்டர்களுக்கென்று ஒரு வரியை முதலில் போடு. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். 'பயணி தன் உடம்பைப் பற்றிச் சொல்வதை நம்புங்கள். அவர் சொன்னால் வண்டியை நிறுத்துங்கள்.' படிக்கிறவர்கள் பயந்துபோவார்கள் என்று மேலாளர் அதை வெட்டச் சொன்னால் அவரை என்னிடம் அனுப்பு. மலரின் ஒரு பிரதி சடையன் வீட்டுக்குப் போக வேண்டும். அவருக்குப் படிக்க வராது. செல்வி படித்துக் காட்டுவாள்.

கண்ணு செல்வி, இங்கிருந்து கொஞ்சம் நிறுத்தி, சத்தமாகப் படி.

சடையண்ணா, அன்னைக்கு உங்க ஊட்டுக் களத்துல நின்னு நான் மறுபடியும் பொய் சொன்னேனுங்க. ராசம்மா பேசாமப் போகல. ரெண்டாவது வளைவுல ஒரு தடவை, வாந்தி எடுத்து முடிச்சப்புறம் ஒரு தடவை, எங் கையப் புடிச்சுச் சொன்னாங்க. "ஏனுங்க, இது பஸ்ஸு வாந்தி இல்லீங்க. என்னைய எறக்கி உடுங்க, கீழ போற வண்டியப் புடிச்சுக்கறேன்"னு சொன்னாங்க. "எல்லாரும் மொதல்ல இப்படித்தாம்மா சொல்லுவாங்க"ன்னு நான் சிரிச்சேனுங்க.